வடக்கு அம்பு

இலாகா கொடுத்த வரைபடத்தில் எல்லாம் இருந்தது:
இரண்டு மாடி, ஆறு வகுப்பறை,
ஓரத்தில் படிக்கட்டு, கொடிமரத்துக்கு ஒரு வட்டம்.
வடக்கைக் காட்டும் அம்பு மட்டும் இல்லை.
பெர்லிசில் வைத்தாலும் ஜொகூரில் வைத்தாலும்
ஒரே கட்டடம்.
சூரியனுக்கும் சுற்றறிக்கை
போயிருக்கும் போல.

பகாவ் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர்.
செம்பனைக்கு நடுவே கம்பெனி எழுதிக்கொடுத்த நிலம்,
ரோட்டோரமாக நீளம், உள்ளே போகப் போகக் கஞ்சம்.
அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்த
காவலர் சன்னாசி
"இங்கதான் எல்லக்கல்லு, லாலான் மூடிக்கிடக்கு" என்று
காலால் தட்டிக் காட்டினார்.

பழைய கட்டடத்தின் சிமெண்டுத் தரையில்
கீறல்கள்.
சன்னலோரத்திலிருந்து சுவர்ப்பக்கமாக
எல்லாம் ஒரே வளைவு.
முதலில் புரியவில்லை.
மறுநாள் காலை எட்டே முக்காலுக்குக்
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
வெயில் உள்ளே வந்தது.
நாற்காலிகள் நகர்ந்தன.
யாரும் சொல்லவில்லை, ஆசிரியர் பாடத்தை நிறுத்தவுமில்லை;
ஒன்பதரைக்கு இன்னும் ஒரு முழம்.
நான் படித்த புத்தகங்களெல்லாம்
மேற்கைப் பார்த்துப் பயப்படச் சொன்னவை.
ஒரு மணிக்கு மூடும் பள்ளிக்கு
மேற்கால் என்ன கேடு?
நாற்காலிக் கால்களால் பிள்ளைகள்
வருடக்கணக்காய் வரைந்து வைத்த படத்தை
முட்டிபோட்டு அளந்தேன்.

கூட்டத்தில் தாளைத் திருப்பி வைத்தேன்.
தொண்ணூறு பாகை. அவ்வளவுதான்.
குத்தகைக்காரர் சியா விரலால் சாண் வைத்துப் பார்த்து
தோட்டத்துத் தமிழில் சிரித்தார்:
"படிக்கட்டு போயி செம்பனக்குள்ள எறங்குது, மிஸ்."
வாரியத் தலைவர் அருமைதுரை சிரிக்கவில்லை.
"ரோட்டுக்கு விலாவக் காட்டுற கட்டடமா?
டவுன் சீனப்பள்ளிக்குப் போற வேன்
இந்த வழியாத்தான் போவுது.
அதுல நம்ம பிள்ளைங்க பத்துப் பேரு.
இங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்குன்னே தெரியலன்னா
அடுத்த வருசம் இருபது."
அதற்கு என் பையில் பதில் இல்லை.

அப்போது மழை.
தகரக் கூரைமேல் லோரி கல் கொட்டியது மாதிரி.
வாய்கள் அசைந்தன, குரல் வரவில்லை.
தலைமையாசிரியை மங்களேஸ்வரி
பழகிப்போனவராக எழுந்து
கரும்பலகையில் எழுதினார்:
'மாடியில் ஆறாம் ஆண்டு. கூரைக்கு நேர்கீழே. இதே சத்தம்.'
சியா சுண்ணக்கட்டியை வாங்கி
படிக்கட்டின் விலையை எழுதினார்,
வெறும் எண்: 46,000.
அருமைதுரை அதை வெகுநேரம் பார்த்தார்.
அழிக்கவில்லை. அதன் கீழே
கோணலாக ஒரு வரி:
'63 பிள்ளைக்கு மாடி எதுக்கு?'

ஒப்புதலுக்கு ஏழு மாதம்.
ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வி,
ஏன் திருப்பினீர்கள் என்று.
மூன்றாவது கடிதத்துக்குக்
கீறல்களின் புகைப்படத்தை இணைத்தேன்.
அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை.

தரையோடு தரையாக இரண்டு வரிசை,
மூன்று மூன்று அறை, முகம் பார்த்து,
நடுவில் ஒரு துண்டு வானம்.
படிக்கட்டுக் காசு
கூரைக்குள் பஞ்சாய்ப் போய் ஒளிந்தது.
ரோட்டைப் பார்க்கும் விலாச்சுவரில்
பள்ளியின் பெயர், ஆள் உயர எழுத்தில்.
வேனில் போகிறவர்
கழுத்தைத் திருப்பாமலே படிக்கலாம்.
அந்த மஞ்சள் தலைவரின் தேர்வு.
எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

சரியாக வராதவையும் உண்டு.
உட்கார்ந்து படிக்கட்டுமென்று தாழ்த்திய சன்னல் விளிம்பில்
ஈரச் சப்பாத்துகள் காய்கின்றன.
ஆசிரியர் கழிப்பறைக் கதவு
திறந்தால் தொட்டியில் இடிக்கிறது;
அது என் கோடு, வேறு யாரையும் சொல்ல முடியாது.

ஐந்து மாதம் கழித்துப் போனேன்,
வேண்டுமென்றே ஒன்பதரைக்கு.
தரை சுத்தமாக இருந்தது.
ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மட்டும் ஒரு கீறல்,
சன்னலை நோக்கி.
லவினேஷ் என்றொரு பையன்.
எதிர் வரிசையில், முதலாம் ஆண்டில்,
தங்கை இன்றைக்கும் அழுகிறாளா என்று பார்க்க
நாற்காலியை இழுத்திருக்கிறான்.

நாடா பையிலேயே இருந்தது.